சுருளியாண்டியின் உருமால்

கோழி கூப்பிடுமுன்னே மலையம்மாள் நாற்றங்காலில் இறங்கியிருந்தாள். முழங்கால்வரை சேறு. பிடிபிடியாக நாற்றைப் பிடுங்கி, வேர்மண்ணைக் காலில் அடித்து உதறி, முடிச்சுக் கட்டி வரப்பில் எறிந்தாள். இடுப்பு தெறித்தது. அப்பன் சுருளியாண்டி செத்து இன்று பதினாறாம் நாள். தீட்டுக் கழியாமல் வயலில் இறங்கக் கூடாதுதான். துக்கத்துக்காக நாற்று முற்றாமல் காத்திருக்குமா?

இதே வயலில்தான் மாடு மிரண்டு, சேற்றைச் சமன்செய்யும் பரம்புக்கட்டை அவர் நெஞ்சில் ஏறியது. தூக்கிக்கொண்டு போகையிலும் பேத்திகள் கஞ்சி குடித்தார்களா என்றே கேட்டார். தினமும் வேட்டி மடிப்பில் இரண்டு வயல் நண்டு கொண்டு வருவார். பிள்ளைகள் தின்றபின் மிஞ்சிய ஓட்டை அவர் உறிஞ்சுவார். யுத்தம் தொடங்கிய வருஷம், வாய்க்கால் வெட்டக் கூலியில்லாமல் வரச்சொன்ன பண்ணையார் முன்னால் மம்பட்டியை முதலில் கீழே வைத்தவரும் அவர்தான். மற்ற பதினோரு குத்தகைக்காரர்களும் வைத்தார்கள். பண்ணையார் சுயம்புலிங்கம் அதை மறக்கவில்லை.

பண்ணையில் ஒரு வழக்கம். குத்தகைக்காரன் செத்தால், பதினாறாம் நாள் கருமாதியன்று மொட்டை போட்டுத் தலையில் உருமால் கட்டும் மகன் கையில் பண்ணையார் வயல் மண்ணைக் கொடுப்பார், குத்தகை தொடரும். சுருளியாண்டிக்கு மகன் இல்லை. மலையம்மாளின் புருஷனும் ஏலமலைக் காய்ச்சலில் செத்துவிட்டான். உருமால் கட்ட ஆளில்லையென்றால் மறுநாளே வயலை விட்டுவிட வேண்டும் என்று பண்ணையார் சொல்லி அனுப்பியிருந்தார்.

வெயில் ஏறியதும், கருமாதி நடக்கவேண்டிய, வயலை ஒட்டிய ஆற்றங்கரையில் பண்ணையாரின் வில்வண்டி வந்து நின்றது.

“உருமால் கட்ட யாரு இருக்கா?”

“நான் இருக்கேன் முதலாளி,” என்றாள் மலையம்மாள்.

பண்ணையார் சிரித்தார். “பொம்பளைக்கு எதுக்குத் தலப்பா? சட்டிபானையக் கட்டிக்கிட்டுக் கெளம்பு ஆத்தா.”

புங்கமரத்துக்குப் பின்னாலிருந்து பக்கத்து வயல் பிச்சைமணி வந்தார். புது மொட்டை; காதோரம் கத்தி பட்ட ரத்தம். பின்னால் மற்றக் குத்தகைக்காரர்கள் பத்துப் பேர், அத்தனையும் மொட்டை. தலையில் வெள்ளைத் துண்டை இறுக்கிக்கொண்டே வந்தார்கள். மூன்று தெருக்காரர்கள். பாதிப்பேர் பங்காளியுமில்லை, சாதிசனமுமில்லை.

“செரைச்சவுக கை ஓஞ்சு போனாக முதலாளி. அதான் சொணங்கிருச்சு.”

“ஏலே, செத்தவன் உங்களுக்கு யாரு?”

“மம்பட்டிய மொதல்ல வச்சாக. அன்னைக்கே எங்களுக்கு அப்பன்தான். மண்ணைக் குடுங்க. எங்க கையில வேண்டாம்னா அவுக மக கையில குடுங்க.”

“பன்னெண்டு வயலையும் பிடுங்கிருவேன்.”

“பிடுங்குங்க. எங்க வீட்டுப் பொம்பளைக ஒருத்தியும் நடவுக்கு வரமாட்டா. நீங்களும் கணக்குப்பிள்ளையும் குனிஞ்சு நடுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. போலீசுக்கு ஆள் போகும் என்று சொல்லிவிட்டுப் பண்ணையார் வண்டி ஏறினார். போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பிச்சைமணி தாம்பாளத்தை நீட்டினார். பன்னிரண்டாவது துண்டு அதில் மிச்சமிருந்தது. மலையம்மாள் எடுத்துக் கட்டினாள். அவிழ்ந்தது. மறுபடி இறுக்கினாள். பிறகு வயலுக்கு நடந்து, கொடுக்க வேண்டியவர் கொடுக்காத மண்ணைத் தானே ஒரு கை அள்ளினாள்.

ஆம்பளைகள் நடவு நட்டுப் பழகியதில்லை. அன்றைக்கு நட்டார்கள். வரிசை கோணலாகப் போனது. பிச்சைமணி பெண்சாதி முருகம்மாள் வரப்பில் நின்று பதினோரு மொட்டையையும் திட்டித் தீர்த்துவிட்டு, சேலையை வரிந்துகொண்டு தானும் இறங்கினாள்.

போலீஸ் வரவேண்டிய சின்னமனூர்ச் சாலையில் புழுதி எழும்பியது. மலையம்மாள் பார்த்தாள். அடுத்த நாற்று முடிச்சை அவிழ்த்தாள். ஒருவரும் நிமிரவில்லை.