பாட்டே கேட்டிராத வீடு

சிவலிங்கத்துக்குப் பாடாமல் குளிக்கத் தெரியாது. ஹவுரா ரயில்வே குவார்ட்டர்ஸ் குழாயடியில் தலையில் தண்ணீர் விழுந்ததும் வாயில் சாமி பாட்டு வந்துவிடும். பிசிறில்லாத தொண்டை. மகள் தமிழரசி வீட்டில் வயலினை எடுத்தால், அப்பா பாட்டைத் துரத்திக்கொண்டுதான் வாசிப்பாள். இது அவர் மனைவி சௌந்தரத்துக்குத் தெரியும். அவளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கும், ஏழைப் பிள்ளைகளை இசையால் கைதூக்கிவிடும் டிரஸ்டுக்கு இதெல்லாம் எதற்கு?

டிரஸ்டிலிருந்து படமெடுக்க வந்த மாதவி கல்கத்தா ஜாதவ்பூர்க்காரி. பேங்க் ஆபீசர் வீட்டுத் தமிழ்ப் பெண்.

"அங்கிள், ஷூட் முடியற வரைக்கும் பாடாம இருங்கோளேன். சத்தம் படத்துக்குள்ள வர்றது."

அவரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

டிரஸ்ட் விழாவன்று சௌந்தரம் மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்து அழைத்துப் போனாள். மேடையேறுகிற பெண்ணை வேறெப்படி அனுப்புவாளாம்? மாதவி பதறிவிட்டாள்.

"ஐயோ ஆன்ட்டி! எல்லாருக்கும் நீல டீ-ஷர்ட்தான். பணம் தர்ற டோனர்ஸ் வந்திருக்கா. பூவையும் எடுத்துடுங்கோ."

பூ கைப்பைக்குள் போனது. சௌந்தரத்துக்கு நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது. ஆனால் அன்று தமிழரசி தனியாக வாசிக்கப்போகிறாள். வாயைத் திறந்தால் அது போய்விடும். மேடையில் அப்பாவைப் பற்றி மகள் ஒரு வார்த்தை சொல்லட்டும், அது போதும் என்று பொறுத்துக்கொண்டாள்.

திரையில் அவர்கள் வீடு வந்தது. குழாயடி, கொடித்துணி, வாயே திறக்காத சிவலிங்கம். "பாட்டே கேட்டிராத வீடு" என்றது பின்குரல். நல்லாயிருக்கே நியாயம்! பாடுகிறவன் வாயைப் பொத்திவிட்டுப் பாட்டில்லை என்கிறார்கள், பாவிகள்.

வயலினுக்கு முன் வீட்டில் என்ன இசை இருந்தது என்று மாதவி ஆங்கிலத்தில் கேட்டு மைக்கை நீட்டினாள். தமிழரசி அப்பா இருந்த பக்கம் பார்த்தாள். சொல்லித் தொலையேண்டி என்று சௌந்தரம் மனசுக்குள் அதட்டினாள்.

"நத்திங்," என்றாள் மகள்.

ஒத்திகையில் சொல்லிக்கொடுத்த பதில். அரங்கமே கைதட்டியது. சிவலிங்கமும் தட்டினார். ஆங்கிலம் புரியாதவரல்ல.

பிறகு அவள் வாசித்தாள். வெள்ளைக்காரப் பாட்டுதான், நடுவில் ஒரு குழைவு மட்டும் அப்பாவுடையது. அதற்கும் டிரஸ்டையே பாராட்டினார்கள்.

மறுநாள் காலை குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. தமிழரசி வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ஏம்ப்பா, பாடல?"

சிவலிங்கம் ஈரத்தலையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"ஷூட்டிங் முடிஞ்சிருச்சாம்மா?"