லாக்கியின் மூன்று வெட்டு

என் அண்ணன் லாக்கி பிறந்ததிலிருந்து யாருக்கும் "சரி" என்று சொன்னவனில்லை. கடலில் சிங்கி இறால் பிடிக்கும் கூடையை எந்தப் பாறையோரம் இறக்குவது, அடுப்புக்கு பிர்ச் கட்டையா மேப்பிள் கட்டையா, பாதிரியாரின் பிரசங்கம் நீளமா இல்லையா, எதைப் பேசினாலும் அவன் எதிர்க்கட்சி. அப்படிப்பட்டவனுக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பக்கவாதம் வந்தது. இடது கை விழுந்துவிட்டது. இடது கால் பாதி போயிற்று. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் முதல் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறீங்களா?"

"சரி."

"படகை மாப்பிள்ளை எடுத்துக்கட்டுமாம்."

"சரி."

"இப்ப எவ்வளவு சாதுவா ஆயிட்டாரு பாத்தியா, ஃப்ளோரா," என்று அண்ணி தெரேசா என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. சாது லாக்கியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

எனக்கும் அவனுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். இரண்டு பேரும் பிடில் வாசிக்கிறவர்கள். ஆகஸ்ட் மாதம் எங்கள் பங்குக்கோயில் கூடத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு முப்பது வருஷமாக நாங்கள்தான் வாசிக்கிறோம். மேடையில் இரண்டு நாற்காலி, அவனுடையது இடது பக்கம். கனடாவின் இந்தக் கேப் பிரெட்டன் தீவில் பாதிப் பேர் எங்கள் வாசிப்புக்கு ஆடியே ஜோடி சேர்ந்தவர்கள். அப்பா விட்டுப்போன ஒரு மெட்டைத்தான் கடைசியில் வாசிப்போம். அதன் இரண்டாம் பகுதியில் ஒரு இடம் வரும். அங்கே ஒரே சுரத்தில் விரலை வைத்து வில்லால் படபடவென்று மூன்று வெட்டு வெட்ட வேண்டும் என்பான் லாக்கி. வில்லை ஒரே இழுப்பாக இழுத்து, விரல்தான் மூன்று சுரம் ஓட வேண்டும் என்பேன் நான். அப்பா எப்படி வாசித்தார் என்று அவரையே கேட்கலாம் என்றால் அவர் போய் இருபது வருஷம் ஆகிறது. அந்த இருபது வருஷமும் இந்தச் சண்டைதான்.

மே மாதம் ஒருநாள் அவன் சமையலறையில் உட்கார்ந்து கேட்டேன்: "ஆகஸ்ட் ஆட்டத்துக்கு உன் நாற்காலியில வேற யாரையாவது உக்கார வைக்கட்டுமா?"

"சரி."

எனக்கு வந்த கோபத்தில் என் பிடிலை எடுத்து அப்பாவின் மெட்டை வாசித்தேன். வேண்டுமென்றே என் வழியில், அந்த இடத்தை ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுத்தேன். பழைய லாக்கி என்றால் செருப்பு பறந்து வந்திருக்கும்.

"நல்லா இருக்கு ஃப்ளோரா," என்றான்.

அதற்குப் பதில் அவன் என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம்.

"நாசமாப் போச்சு போ!" என்று கத்தினேன். சுவரில் தொங்கிய அவன் பிடிலை இறக்கி அவன் மோவாய்க்கு அடியில் திணித்தேன். "உன் வலது கைக்கு என்ன கேடு? வில்லைப் பிடி. விரல் வைக்கிற கை என்கிட்ட இருக்கு."

"சரி," என்றான்.

அவனுக்கு இடது பக்கம் நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். பிடிலின் கழுத்தை என் இடது கை தாங்கியது. வில் அவனுடையது, விரல் என்னுடையது. முதல் வாரம் வந்த சத்தத்துக்கு வீட்டு நாய் வெளியே போய்ப் படுத்துக்கொண்டது.

தெரேசா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "சின்ன வயசுல கோயில் பெஞ்சுல கூட ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வைக்க முடியாதாமே. இப்பப் பாரு, ஈருடல் ஓருயிர்!"

மெல்ல மெல்ல மெட்டுகள் கூடி வந்தன. ஆனால் அந்த வில்லில் லாக்கி இல்லை. நான் ஓடினால் ஓடியது, நான் நின்றால் நின்றது. அந்த இடம் வந்தபோதும் என் வழியிலேயே ஒரே இழுப்பாக இழுத்தான். இருபது வருஷச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. அந்த இடத்தில் என் விரல்கள் ஓடின. வில் அந்தரத்தில் நின்றுவிட்டது.

"என்னடா, வலிக்குதா?"

"வெட்டு," என்றான்.

"என்ன?"

"அங்க... வெட்டுடி. மூணு." நாக்கு குழறியது, கோணிய வாயோரம் எச்சில் வழிந்தது, அவன் நிறுத்தவில்லை. "நீ இழுக்கிற இழுப்புக்கு... அப்பா கல்லறையில... புரண்டு படுப்பாரு."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அதற்குள் கோபம் முந்திக்கொண்டது. "அப்பா இழுத்துத்தான் வாசிச்சாரு! உனக்கு அப்பவே காது டமாரம்!"

"உனக்கு... வாய் மட்டும்தான்... வேலை செய்யும்!"

தோட்டத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தெரேசா ஈரப் போர்வையோடு ஓடி வந்தாள். "என்ன ஆச்சு? சண்டையா?"

"ஆமா!" என்றோம் இருவரும்.

அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தேவனுக்கு ஸ்தோத்திரம்," என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போனாள்.

ஜூலை முழுக்க அடிதடிதான். அவன் மூன்று வெட்டு வெட்டுவான், அதே நேரம் நான் விரலை மூன்று சுரம் ஓட்டுவேன். கோழியை மிதித்த மாதிரி ஒரு சத்தம் வரும். எங்களுக்குப் பியானோ வாசிக்கும் டூகல் கும்பிட்டே விட்டான். "பெரியவங்களே, ஒரு முடிவுக்கு வாங்க. இல்லைன்னா அந்த இடம் வரும்போது நான் எந்திரிச்சுப் போய் டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெள்ளைச் சட்டையும் கைத்தடியுமாக லாக்கி கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். நல்ல மனசோடுதான் தட்டினார்கள். அவன் முகம் சுருங்கிப் போனதை நான் பார்த்தேன்.

"குழந்தை... நடை பழகுதுன்னு... தட்டுறானுங்க," என்று முணுமுணுத்தான்.

எனக்கு மனசு கரைந்துவிட்டது. பாவம், இன்று ஒரு நாள் அவன் வழியிலேயே போகட்டும் என்று முடிவு செய்தேன். அவனிடம் சொல்லவில்லை.

வாசித்தோம். ஜோடிகள் கைகோத்துச் சுற்றினார்கள், பலகைத் தரை அதிர்ந்தது. முன்பெல்லாம் இடது காலால் தாளம் போடுகிறவன், இப்போது வலது காலால் போட்டான். கடைசியாக அப்பாவின் மெட்டு. இரண்டாம் பகுதி. அந்த இடம் வந்தது. அவன் வெட்டட்டும் என்று நான் ஒரே விரலை அழுத்தி வைத்துக் காத்திருந்தேன்.

வில் வெட்டவில்லை. ஒரே இழுப்பாக இழுத்தான்.

மொட்டையாக ஒரே ஒரு சுரம். அவன் வெட்டும் இல்லை, என் ஓட்டமும் இல்லை. அந்த வெற்றிடத்தில் ஆடுகிறவர்களின் கால் சத்தம் மட்டும் கேட்டது. டூகல் பியானோவிலிருந்து திரும்பிப் பார்த்தான்.

"எங்கடி... உன் ஓட்டம்?" என்றான் லாக்கி. வில் நிற்கவில்லை.

"உனக்காக விட்டேன். எங்கடா உன் வெட்டு?"

"என்னைத் தூக்கிச் சுமக்கிறியேன்னு... உனக்கு விட்டேன்." மூச்சு வாங்கினான். "எனக்கு யாரும்... எதையும்... விட்டுத் தர வேணாம். கை தட்டவும் வேணாம்."

"சரி," என்றேன்.

"அதைச் சொல்லாத!" கூடத்தில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். "ஆறு மாசம்... நான் சொன்னேனே அது. செத்துப் போயிட்டேன்னு... நெனச்சுக்கிட்டுச் சொன்னது."

எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. நல்ல வேளை, விரலுக்குக் கண் தேவையில்லை. இரண்டாம் பகுதியை இரண்டு முறை வாசிப்பது வழக்கம். அந்த இடம் மறுபடி வந்துகொண்டிருந்தது. வந்தது. அவன் மூன்று வெட்டு வெட்டினான். நான் விரலை மூன்று சுரம் ஓட்டினேன். கூடம் நிறைந்த சனத்துக்கு முன்னால் கோழி மிதிபட்டது.

டூகல் பியானோ மேல் குப்புற விழுந்து சிரித்தான். ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். தெரேசா கதவோரம் நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தப்பு உன்னுது," என்றேன்.

"இல்ல," என்றான் லாக்கி.