வாயால் சொல்ல வேண்டியது

...கம்பெனி வேன் ஹாரன் அடிக்காமல், நிற்காமல் போவதுதான் உத்தரவா, அப்படியென்றால் தன்னை வேலையை விட்டு நிறுத்தியது முதலாளியா, வேன் ஓட்டும் இருளாண்டியா என்று யோசித்தபடி பாண்டிச்செல்வி பட்டாசுக் கம்பெனி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். இருளாண்டி அவளுக்கு மாமன் முறை, இருக்கன்குடிக்குப் பொங்கல் வைக்கப் போனால் அவள் பானையில்தான் முதலில் கை வைப்பான், இந்த வாரம் முழுக்க எம். புதுப்பட்டி விலக்கில் வேனுக்குக் காத்து நிற்கும் அவளைப் பார்த்ததும் எதையோ தொலைத்தவன் மாதிரிக் குனிந்துகொண்டு வேனை விரட்டுகிறான்... சரவெடிக்குத் தடை வந்து பின்னல் ரூமைப் பூட்டியது நிஜம், அதை யாரும் மறைக்கவில்லை, ஆனால் அங்கே சரம் பின்னியவர்களிடம் இனி வராதே என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே, ஏன்? கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடாமல் விடுவதுபோல விட்டுவிட்டார்கள். மற்ற பெண்கள் புரிந்துகொண்டு சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டார்கள், அவளும் போயிருப்பாள், சங்கத்து வேலுச்சாமி தெருவில் நிறுத்திப் பேசியிருக்காவிட்டால்.

"நீயா நின்னுட்டா நஷ்டஈடு கிடையாது. வேலை இல்லேன்னு அவுக சொல்லணும், சொன்னா குடுத்தாகணும். அதான் ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டேங்காக."

பணம் வந்தால் மகள் பானுப்பிரியாவின் நர்சிங் படிப்புக்கு ஆகும், அதற்காகத்தான் டவுன் பஸ் ஏறி வந்தாள், இல்லை என்று சொல்வானேன்... ஆனால் வந்து உட்கார்ந்த பிறகு வேறொரு ஆசையும் சேர்ந்துகொண்டது, அந்தச் சொல்லைச் சொல்லாமல் எப்படித்தான் சமாளிக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். வாட்ச்மேன் பார்த்துவிட்டு உள்ளே போனான், ஒரு லோடு லாரி வெளியே போனது, அப்புறம் போர்மேன் சங்கரபாண்டியன் கையில் டீயோடு வந்தார். டீயா, தனக்கா? சீசன் சூடு பிடிக்கட்டும், சொல்லி அனுப்புகிறோம், வெயிலில் ஏன் உட்கார்ந்திருக்கீக, வீட்டுக்குப் போங்க என்றார். போங்களாமே... இத்தனை வருஷமாக ஏ பிள்ளை, வா, போ என்று விரட்டிய வாய்க்கு இந்த மரியாதை எங்கிருந்து வந்தது?

"வேலை இல்லேன்னு சொல்லிருங்கண்ணே, போயிருதேன்."

"அப்படி நான் சொல்லலையே."

"அப்ப உள்ள வரவா?"

"அப்படியும் சொல்லலையே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அவர் நெற்றி வேர்த்ததைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது, சொல்லிவிட்டால் அவர் பிழைப்பு போய்விடுமோ, அவரையும் ஒருநாள் இப்படித்தான் சொல்லாமல் விடுவார்களோ, அப்போது அவர் எந்த மரத்தடியில் போய் உட்காருவார்... டீயைக் குடித்தாள், சர்க்கரை தூக்கலாக இருந்தது. கேட்டுக்கு உள்ளே போய் நின்று அவர் முதலாளியிடம் போனில் பேசுவது கேட்டது, "ஐயா, அந்தம்மா எந்திரிக்க மாட்டேங்காக, நீங்களே வந்து பேசிருங்கய்யா." அந்தம்மா யார் என்று பாண்டிச்செல்வி திரும்பிப் பார்த்தாள், பின்னால் மரம்தான் நின்றது. தன்னைத்தான் சொல்கிறார், தன்னைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், ஒரு சத்தம் போடவில்லை, ஒருவரையும் ஏசவில்லை, எழுந்து போகாமல் இருக்கிறாள், அவ்வளவுதான்... அப்படியென்றால் கூலியைக் குறைத்தபோதும், மருந்துத் தூசியில் இருமிய பெண்களை வீட்டுக்கு அனுப்பியபோதும், எல்லோரும் சேர்ந்து இப்படி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?