பின்பக்கத்துப் பெட்டி

நான் சந்தேகப் பிராணி இல்லை. கண்ணில் பட்டதை மனதில் வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். அதைச் சந்தேகம் என்று சொல்கிறவர்கள் எதையாவது மறைக்கிறவர்களாகத்தான் இருப்பார்கள், என் வீட்டுக்காரர் மந்திரமூர்த்தி உட்பட.

ஆனி மாதச் சாரலில் என் தங்கை ஜெயபிரியாவைப் பெண் பார்க்கக் கீழப்பாவூரிலிருந்து வந்தார்கள். சுரண்டையில் இருக்கும் எங்கள் அப்பா வீட்டுக்கு அல்ல, குற்றாலத்துக்கு. எங்கள் பக்கம் இப்படியும் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு குடும்பமும் குளிக்கப் போவதுபோலப் போய்த் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ள வேண்டும். பிடித்தால் மேற்கொண்டு பேசலாம். பிடிக்காவிட்டால் குளித்ததோடு சரி. யாருக்கும் தலைக்குனிவு இல்லை.

பையன் பேர் பாண்டித்துரை. ஐந்தருவியில் அப்பாவின் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டான். அதிலேயே அப்பாவுக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. சுரண்டைக்குத் திரும்பும்போது வேனிலேயே எந்த மண்டபம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரம் தரகர் வந்து, "அவிய வேற இடம் பாக்காகளாம்" என்றார். ஏன் என்றால் வாய் திறக்கவில்லை. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயபிரியா மட்டும் வழக்கம்போலக் காலையில் பஸ் ஏறித் தென்காசிக்கு வேலைக்குப் போய்வந்தாள். பாவம், துக்கத்தை வெளியே காட்டவில்லை என்று நினைத்தேன்.

காரணம் யார் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரின் அக்கா, பாலம்மாள் மதினி. அன்றைக்கு ஐந்தருவிப் பழக்கடை ஓரத்தில் பையனின் அம்மாவிடம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அவர் பேசியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். நல்ல விஷயம் பேசுகிறவர்கள் எதற்கு வாயை மறைக்க வேண்டும்? தென்காசியில் மதினி வீடு எங்களுக்கு அடுத்த தெருதான். அன்றிலிருந்து நான் அந்தத் தெரு வழியாகக் காய்கறி வாங்கக்கூடப் போவதில்லை.

"அக்கா அப்படிப்பட்டவ இல்ல உலகு," என்றார் இவர்.

"பின்ன எப்படிப்பட்டவுக? நீங்கதான் அன்னைக்குப் பூரா கேமராவும் கையுமா அலைஞ்சீயள்லா. அதப் போட்டுப் பாத்தாத் தெரியும்."

லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். எல்லாக் காட்சியிலும் தண்ணீர் இரைச்சல்தான். மதினி வாய் அசைவது தெரிகிறது, பேச்சு கேட்கவில்லை. அப்போதுதான் இவர் சொன்னார்: "இது அஞ்சு பக்கத்துச் சத்தத்தையும் பிடிக்கிற கேமரா. லேப்டாப்புல எல்லாம் ஒண்ணா மண்டிப் போயி கேக்கும். உங்க அப்பா வீட்டு ஹோம் தியேட்டர்ல போட்டா தனித்தனியாப் பிரிஞ்சு வரும்."

அப்பா வீட்டில் டிவிடி பிளேயர்தான். பென் டிரைவை அப்பா கிட்டவே சேர்க்க மாட்டார். அதனால் டிவிடி போடுவதென்று முடிவானது. எங்களுக்குள் ஒரு பேச்சும் முடிவானது. மதினி கோள் சொன்னது அதில் இருந்தால் இவர் தன் அக்கா வீட்டுப் படி ஏறக்கூடாது. இல்லையென்றால் நான் மதினி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் துளியும் யோசிக்காமல் சரி என்றேன்.

ஸ்டுடியோவில் டிவிடி ரைட்டர் இரவல் வாங்கிவந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தலையைச் சொறிந்தார்.

"கேமராவுல எடுத்தது அஞ்சு பக்கச் சத்தம். நம்ம போன்ல எடுத்தது ரெண்டு பக்கந்தான். கலந்து போட்டா ஒண்ணு கத்தும், ஒண்ணு முனங்கும். எல்லாத்தையும் ரெண்டாக்கிரட்டா? கேக்க ஒரே சீரா இருக்கும்."

எனக்குப் பொறி தட்டியது. இத்தனை நாள் இல்லாத சீர் இப்போது எதற்கு? அஞ்சை ரெண்டாக்கினால் மிச்சம் மூன்றில் இருப்பது என்ன ஆகும்? அக்காவைக் காப்பாற்றப் பார்க்கிறார்.

"ஒண்ணையும் குறைக்காண்டாம். இருக்கத இருக்கபடி போடுங்க. ஒரு இடத்துல வெட்டியிருந்தாலும் எனக்குத் தெரியும்," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கேமராக் காட்சிகளை அப்படியே, போன் காட்சிகளை அப்படியே மாற்றி மாற்றி அடுக்கி, டிவிடித் தட்டில் ஏற்றினார். ஏறி முடியும்வரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தட்டை என் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சுரண்டையில் கூடினோம். மதினியையும் நானே போன் போட்டு அழைத்தேன். என் குரலில் தேன் ஒழுகியதை நினைத்தால் எனக்கே சிரிப்பு. அப்பா முன்னால், எல்லோர் முன்னாலும், அவர் வாயால் சொன்னது அவர் காதிலேயே விழ வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

அப்பாவின் ஹோம் தியேட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாங்கியபோது இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளின் மேல் 'பின்பக்கம்' என்று போட்டிருந்தது. நாற்காலிக்குப் பின்பக்கம் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குப் பின்பக்கம் என்று எடுத்துக்கொண்டார். நீளமாக ஒயர் வாங்கி ஒன்றை அடுக்களையில் மிக்ஸிக்கு மேலேயும் இன்னொன்றைப் புறவாசலில் துவைக்கிற கல்லுக்கு மேலேயும் மாட்டிவிட்டார். அம்மாவும் சமைக்கும்போது பக்திப் பாட்டு கேட்கிறது என்று சந்தோஷப்பட்டாள். இத்தனை வருஷத்தில் அதை யாரும் தப்பென்று சொன்னதில்லை.

முதலில் போன் காட்சிகள் ஓடின. கூடத்தில் அப்பா, அம்மா, இவர், ஜெயபிரியா, மதினி. நான் சூடாக பஜ்ஜி போட்டு எடுத்துக்கொண்டு, கேமராக் காட்சி வரும்போது மதினிக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொள்ளலாம் என்று அடுக்களைக்குள் போனேன். பின்னாலேயே மதினியும் வந்தார்.

"வாழக்காய நான் சீவுதேன். நீ மாவக் கலக்கு."

படம் பார்க்கப் பயந்துதானே எழுந்து வந்தது என்று நினைத்துக்கொண்டு, வெளியே மட்டும், "எதுக்கு மதினி உங்களுக்குச் சிரமம்" என்றேன். அவரைக் கூடத்துக்கு எப்படித் தள்ளுவது என்று யோசித்தபடி எண்ணெயில் பஜ்ஜியைப் போட்டேன். போன் காட்சிகளில் ரெண்டு பக்கச் சத்தம்தான் என்பதால், மிக்ஸிக்கு மேல் இருந்த பின்பக்கத்துப் பெட்டி அதுவரை ஊமையாக இருந்தது.

கூடத்திலிருந்து இவர் குரல் கேட்டது. "இது அஞ்சருவி மாமா. நீங்க குளிக்கது. கேமராவ ஸ்டாண்டுல நிப்பாட்டிட்டு நானும் இறங்கிட்டேன். குரங்கு தூக்கிராமப் பிரியாவக் காவலுக்கு வச்சேன்."

அதே நேரம் மிக்ஸிக்கு மேலிருந்த பெட்டி கரகரத்தது. தண்ணீர் இரைச்சல் எங்கோ தூரத்தில். அதற்கு முன்னால், காதோடு பேசுவதுபோல, ஜெயபிரியாவின் குரல்.

"இங்கன நில்லுங்க. கேமராவுக்குப் பின்னால. அப்பதான் படத்துல விழ மாட்டோம்."

"ஏதோ பேசணும்னீங்க." இது பாண்டித்துரை.

"என்னை வேண்டாம்னு சொல்லிருங்க. உங்க மேல குத்தம் ஒண்ணும் இல்ல. எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம். பரீட்ச எழுதணும்."

"அத நீங்களே உங்க வீட்டுல சொல்லலாம்லா?"

மதினியின் கையில் கத்தி அப்படியே நின்றது. என் கையில் கரண்டி.

"சொன்னா எங்க அக்கா நம்ப மாட்டா. எவன் கூடப் பேசுதன்னு போனப் புடுங்குவா. இப்பமே பாக்கா. வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் குளிக்கப் போற நேரம் எடுத்துப் பாக்கா. எனக்கு யாரும் இல்லங்க, சத்தியமா. ஆனா அவ விடமாட்டா, அப்பா மனசையும் கெடுத்துருவா. நீங்க வேண்டாம்னா ஒரு பேச்சோட போயிரும்."

"எங்க வீட்டுல காரணம் கேப்பாகளே."

"பொண்ணு கறுப்புன்னு சொல்லுங்க."

"சேச்சே. அப்படில்லாம் சொல்ல மாட்டேன். காரணமே சொல்லாம விட்டுருதேன்."

குளிக்கப் போகும்போது நான் போனை எடுப்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்றுதான் என் புத்தி முதலில் ஓடியது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் உறைத்தது.

"ஏட்டி, அங்கன என்ன பேச்சுச் சத்தம்? பிரியா குரல் மாதிரில்லா கேக்கு?" கூடத்திலிருந்து அப்பா.

மதினி சட்டென்று எட்டி மிக்ஸியைத் திருகினார். உள்ளே ஒன்றும் இல்லை. காலி ஜார் ஊளையிட்டது.

"ஒண்ணுமில்ல மாமா! சட்னி அரைக்கோம்!"

படம் மாறி, பெட்டி மறுபடியும் ஊமையாகும்வரை வெறும் ஜாரை ஓடவிட்டபடியே நின்றார். பிறகு அணைத்தார். அடுப்பையும் அவரேதான் அணைத்தார். பஜ்ஜி கரியாகியிருந்தது.

"மதினி," என்றேன்.

"அன்னைக்கு அந்தம்மாகிட்ட நான் என்ன பேசினேன்னுதான உனக்கு வேணும்? மங்குஸ்தான் வாங்கித் தந்தாக. கொட்டையத் துப்ப வாய மறைச்சேன். நல்ல பழமா எங்கன கிடைக்கும்னு கேட்டேன். நீ என்னச் சந்தேகப்பட்டத எல்லாம் தம்பி சொன்னான்." அவர் கருகியதைப் பொறுக்கித் தட்டில் போட்டார். "எங்கிட்ட மன்னிப்பு ஒண்ணும் கேக்காண்டாம். கேக்கவேண்டியவ அங்கன உக்காந்திருக்கா."

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். இப்போதே கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும், இனிமேல் உன் விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஜெயபிரியாவே உள்ளே வந்தாள். கருகல் வாடை அவளை இழுத்திருக்க வேண்டும். கையில் போன் வெளிச்சமாக இருந்தது, ஏதோ தட்டிக்கொண்டே வந்தாள். தலை நிமிர்ந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"பிரியா," என்றேன். குரல் உடைந்து, எனக்கே அதட்டல்போலக் கேட்டது.

அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. போனை என் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"ஆபீஸ் குரூப்தான்க்கா. பாத்துக்கோ."