முகம் வேண்டுமென்றால் முன்னால் ஓடு

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. வீட்டில் என் பெயரே பம்பரம். பதினெட்டு நாள் பாத யாத்திரையைப் படமெடுத்து வரச் சொல்லி ஒரு பத்திரிகை என்னை அனுப்பியது. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் அக்கா, இருந்த லீவையெல்லாம் திரட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. போன்ல சொல்ற விஷயமில்ல. நடந்துகிட்டே சொல்றேன்," என்றாள் முதல் நாள் காலை.

"சொல்லுக்கா," என்றேன். அதற்குள் வெயில் ஏறத் தொடங்கியது. ஓடினேன்.

தொழில் அப்படி. பத்திரிகைக்கு முதுகு ஆகாது, முகம் வேண்டும். முகம் வேண்டுமென்றால் எல்லோருக்கும் முன்னால் ஓடி, ஒரு வளைவிலோ மேட்டிலோ இடம் பிடித்து, திரும்பி நின்று காத்திருக்க வேண்டும். கூட்டம் என்னைத் தாண்டியதும் மறுபடி ஓட்டம். அக்கா பக்கத்தில் நான் நடந்ததையெல்லாம் கூட்டினாலும் ஒரு மணி நேரம் தேறாது.

"இன்னிக்காவது கேப்பியா?"

"அந்த மேடு தாண்டட்டும்க்கா, வந்துடறேன்."

மேடு தாண்டினால் பாலம் வரும். பாலத்தில் வெளிச்சம் அள்ளிக்கொண்டு போகும். என்ன பெரிய விஷயம், மாமாவோடு ஏதாவது மனஸ்தாபமாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஆனாலும் உள்ளே அரித்தது. அவள் மெலிந்திருந்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி ஓடினேன்.

பதினாறாம் நாள் ஒரு மேட்டின் மேல் பெரிய லென்ஸை மாட்டிக்கொண்டு நின்றேன். கீழே அக்கா வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தபால்காரம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நாலு நாளாக அவள் வேகத்துக்கு நடப்பவர். அக்கா ஏதோ சொன்னாள். அந்த அம்மா நின்றுவிட்டார். அக்கா இன்னும் சொன்னாள், பிறகு சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள். அவர் இரண்டு கைகளாலும் அவளைப் பிடித்துக்கொண்டார். யோசிப்பதற்குள் என் விரல் பன்னிரண்டு முறை அழுத்திவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது. எனக்கென்று கொண்டுவந்ததை அவரிடம் சொல்கிறாள். இறங்கி ஓடியிருக்க வேண்டும். பாழாய்ப்போன கால் அன்றைக்குத்தான் நகரவில்லை. மதியம், தினமும் செய்கிற பழக்கத்தில், படங்களைப் பத்திரிகைக்கு அனுப்பியும் தொலைத்தேன்.

சாயங்காலம் விடுதியில் அக்கா கட்டிலில் உட்கார்ந்து குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, ஏதோ சொல்லணும்னியே. இப்ப சொல்லு. எங்கயும் போகல."

"அதுவா? சொல்லி முடிச்சிட்டேன்டா, அந்தம்மாகிட்ட."

"எங்கிட்ட?"

"ரெண்டாவது தடவை சொல்லத் தெம்பில்லடா." பிளாஸ்திரியை விரலால் அழுத்தித் தேய்த்தாள். "உன்மேல கோவமெல்லாம் இல்ல. உன் வேலை அப்படி."

கோபப்பட்டிருந்தால் தேவலை. காலைப் பிடித்தாவது கேட்டிருப்பேன். அவளோ விளக்கின் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது. பத்திரிகை ஆசிரியரிடமிருந்து செய்தி. 'மேட்டுப்பாதையில் அழும் பெண்தான் அட்டைப்படம். பிரமாதம். யார் அவர், ஏன் அழுகிறார்? இரண்டு வரி அனுப்பு.'

வெகுநேரம் கழித்துப் பதில் எழுதினேன். 'அந்தப் படம் வேண்டாம், போடாதீர்கள். அவள் என் அக்கா. ஏன் அழுதாள் என்று எனக்குத் தெரியாது.'