வீண் அசைவு எண் நான்கு

ஜூலை முப்பத்தொன்றாம் தேதிக்குள் கிஷோருக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். நிரந்தரமானால்தான் ஓசூரில் இருக்கும் தர்ஷினியின் அப்பா நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்ப்பார். கடிதம் கைக்கு வந்ததும் வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லியிருந்தார், முத்திரை தெளிவாகத் தெரியும்படி. கடிதம் தர முதலாளி ஸ்ரீகண்டன் வைத்திருந்த நிபந்தனை ஒன்றே ஒன்று: ரோபோ துண்டு மடிக்க வேண்டும்.

பீன்யா தொழிற்பேட்டையில் பழைய பம்ப் கம்பெனி ஷெட் ஒன்றில் அந்த அலுவலகம் நடந்தது. இருபது பெண்கள் நெற்றியில் கேமராவைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் துண்டு மடிப்பார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ரோபோ கற்றுக்கொள்ளும். துண்டுகள் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக் கூடத்திலிருந்து வந்தன. ரோபோவை வாங்கப்போவதும் அவர்கள்தான். மழைக்காலமாதலால் துண்டுகளில் கொஞ்சம் காயாமலே வந்து சேரும்.

வீடியோக்களில் தப்புக் கண்டுபிடிப்பது கிஷோரின் வேலை. அறிவு முழுக்க மண்டைக்குள் இருக்கிறது, உடம்பு என்பது மண்டையை ஆபீசுக்குத் தூக்கி வரும் ஸ்டாண்டு என்பது அவனுடைய நம்பிக்கை. ஸ்டாண்டு தேவையில்லாமல் ஆடுவது அவனுக்குப் பிடிக்காது. எனவே வீண் அசைவுகள் என்று ஒரு பட்டியல் அடித்துச் சுவரில் ஒட்டியிருந்தான். ஒன்று, தலை சொறிதல். இரண்டு, பேச்சு. மூன்று, கொட்டாவி.

நான்காவது குளோரியாவுக்காகவே சேர்க்கப்பட்டது.

குளோரியா ஜீவனஹள்ளிக்காரி. இதற்குமுன் பதினோரு வருஷம் ஒரு ஹோட்டல் சலவையில் இருந்தவள். ஒவ்வொரு துண்டையும் எடுத்து இரண்டு நொடி கன்னத்தில் வைப்பாள். பிறகு மடிப்பாள், அல்லது இடதுபக்கக் கூடையில் வீசுவாள். மற்றவர்களுக்கு ஒரு துண்டுக்குப் பதினோரு நொடி என்றால் அவளுக்குப் பதின்மூன்று. கிஷோர் நேரில் போய்க் கேட்டான்.

"துண்டுக்கு எதுக்குங்க முத்தம் குடுக்கறீங்க?"

"ஈரம் பாக்கறேன் சார்."

"கையிலயே தெரியுமில்லீங்க?"

"நாள் பூரா சோப்புத் தண்ணில ஊறுன கை சார் இது. இதுக்கு எல்லாம் ஒண்ணுதான். கன்னம்தான் சொல்லும்."

"ரோபோவுக்குக் கன்னம் கிடையாதுங்க."

"அது அதோட கஷ்டம். நானா பெத்தேன்?"

பத்தொன்பது பெண்களும் சிரித்தார்கள். சிரிப்பு இரண்டாவது வீண் அசைவில் அடங்குமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர்களுக்குள் பகை முற்றிவிட்டது. அன்று மாலை பட்டியலில் நான்காவது வரி ஏறியது: துண்டைக் கன்னத்தில் வைத்தல். மூன்று முறை செய்தால் அரைநாள் வெளியே. ஒரே வாரத்தில் குளோரியாவை இரண்டு முறை வெளியே நிறுத்தினான். கம்பெனி வண்டி ஐந்து மணிக்குத்தான் வரும். அதுவரை அவள் கேட்டுக்கு வெளியே மழையில் நின்றாள். இவன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே டீ குடித்தான்.

மூன்றாவது வாரம் அவள் நிறுத்திவிட்டாள். சண்டை போடவில்லை, முறைக்கவுமில்லை. ஈரமோ காய்ந்ததோ, வந்ததையெல்லாம் ஒன்பது நொடியில் மடித்து அடுக்கினாள். சொன்னதை அப்படியே செய்வதைவிட மோசமான பழிவாங்கல் இல்லை என்பது கிஷோருக்கு எந்தப் பரீட்சையிலும் வரவில்லை. அவள் வீடியோவையே ரோபோவுக்கு மாதிரியாகத் தேர்ந்தெடுத்தான். பாராட்டக்கூடச் செய்தான். நீங்க சொன்ன மாதிரிதான் சார் என்றாள் அவள்.

இருபத்து மூன்றாம் தேதி சலவைக் கூடத்தின் தலைவி ஜெயலக்ஷ்மி பார்வையிட வந்தார். ரோபோ நாற்பது துண்டுகளை ஓரம் பிசகாமல் மடித்து அடுக்கியது. ஸ்ரீகண்டன் கைதட்டினார். ஜெயலக்ஷ்மி தட்டவில்லை. மேலே இருந்த துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்தார். அடுத்ததை. அதற்கடுத்ததை.

"இது ஈரம். இதுவும். வார்டுக்கு இத அனுப்பினா சாயந்தரத்துக்குள்ள நாறிடும். அப்புறம் என்னைத்தான் மடிச்சு வெளில வைப்பாங்க."

ஒரு வாரம் அவகாசம் கேட்டான் கிஷோர். ஈரமானி ஒன்று பொருத்தலாமே என்றார் ஸ்ரீகண்டன். அது வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரமாகும். முப்பத்தொன்றாம் தேதி அதுவரை காத்திருக்காது. அதெல்லாம் வேண்டாம், பார்த்தாலே கற்றுக்கொள்ளும் என்றான். தானே நிராகரித்த குளோரியாவின் பழைய வீடியோக்கள் அறுநூறையும் தேடி எடுத்து ரோபோவுக்குப் புகட்டினான்.

முப்பதாம் தேதி ரோபோ துண்டை எடுத்தது. தலையென்று சொல்லத்தக்க கேமராப் பெட்டியை லேசாகச் சாய்த்தது. துண்டை அதன் பக்கவாட்டுத் தகரத்தில் ஒற்றி, சரியாக இரண்டு நொடி காத்திருந்தது. அச்சு அசல் குளோரியா. பிறகு சிலவற்றை மடித்தது, சிலவற்றைக் கூடையில் வீசியது. பத்துக்கு மூன்று வீசவேண்டும் என்பதைப் பிசகில்லாமல் கற்றிருந்தது. எந்த மூன்று என்பதை மட்டும் கற்கவில்லை.

ஜெயலக்ஷ்மி கடைசித் துண்டுவரை பொறுமையாகப் பார்த்தார்.

"ரொம்ப பக்தியா பண்றது. ஆனா கன்னத்துல அதுக்கு ஒண்ணுமே ஆகலையேப்பா. அப்புறம் எங்கேர்ந்து தெரியும்?"

யாரைப் பார்த்து இதைக் கற்றது என்று கேட்டார். கிஷோர் கைகாட்ட வேண்டியதாயிற்று. குளோரியாவைச் சுவரோரம் அழைத்துப்போய்க் கன்னடத்தில் இரண்டு நிமிடம் பேசினார் ஜெயலக்ஷ்மி. ரோபோவை வாங்காமல் திரும்பிப் போனார். குளோரியாவுக்கு ஒன்றாம் தேதியிலிருந்து சலவைக் கூடத்தில் வேலை.

ஸ்ரீகண்டன் சத்தம் போடுகிறவர் அல்ல. "நோடப்பா, இங்க பாரு கிஷோர், ஈரமானி வரட்டும். அது நம்பர்தான் குடுக்கும். எந்த நம்பர்ல துண்டு ஈரம்னு ஒரு மனுஷன் சொல்லணும். நாலாயிரம் துண்டு. எல்லாத்தையும் நீதான் பாத்து எழுதணும், அது வர்றதுக்குள்ள ஒண்ணாந்தேதிலேர்ந்தே பழகிக்கோ. உன் லெட்டர ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்றார்.

மறுநாள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன குளோரியாவைக் கேட் வரைக்கும் துரத்திப் போய்ப் பிடித்தான்.

"அக்கா, ஒரே ஒரு மாசம். ஈரமா காஞ்சதான்னு சொன்னாப் போதுங்க்கா."

"அக்காவா?" நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். "வெளில நிறுத்தினப்போ இந்த அக்கா எங்க போயிருந்தா?"

"நான் ரூல்படிதானுங்க..."

"ரூலே பாக்கட்டும் சார். இல்ல, தாடிய எடுத்துட்டு நீங்க பாருங்க."

அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். அன்றிரவே ஓசூருக்கு விஷயம் தெரிந்தது. ஆறு மாசம் கழித்தே பேசிக்கொள்ளலாம் என்று தர்ஷினியின் அப்பா மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி கிஷோர் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்தான். முதல் துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்தான். சில்லென்று இருந்தது. இரண்டாவதும் சில்லென்றுதான் இருந்தது. இருபத்தாறு வயதுவரை துவைப்பது, காயவைப்பது, மடிப்பது எல்லாம் சொந்த ஊரான நாமக்கல்லில் வேறு யாரோ செய்துகொடுத்து வந்த கன்னம் அது. ஈரம் என்று எழுதினான். அடித்தான். காய்ந்தது என்று எழுதி, துண்டை மறுபடியும் ஒற்றிப் பார்த்தான்.

பின்னால் பத்தொன்பது பெண்கள் மடித்துக்கொண்டிருந்தார்கள். அது ஈரமா காய்ந்ததா என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.