குரைத்த நேரம்

நாய் குரைத்தால் ஊசி என் விரலில் ஏறும். வீட்டிலேயே துணி தைப்பவள் நான். பொத்தானுக்குக் காஜா எடுக்கிற நேரம் பார்த்துத்தான் சுவருக்கு அந்தப்பக்கம் அது தொண்டையைத் திறக்கும். வளர்ப்பவள் ஒரு நர்ஸ். காலையில் அதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வருவாள். வந்ததும் "தம்பி, தம்பி" என்று அவள் கொஞ்சுவது கேட்கும். கூடப்பிறந்தவனிடம் போனில் பேசுகிறாள், கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொள்வேன். நாயின் பெயரை நான் கேட்டதில்லை. எனக்கு அது சனியன்.

குடியிருப்புச் சங்கத்தில் புகார் கொடுத்தேன்.

"சும்மா தொந்தரவுன்னா எடுபடாதும்மா" என்றார் செயலாளர். "எப்பெப்ப குரைக்குது, அப்ப நீங்க என்ன செஞ்சிட்டிருந்தீங்கன்னு பத்து நாளைக்கு எழுதிக் குடுங்க. நாயை வெளிய அனுப்பச் சொல்லிடலாம்."

விடுவேனா? அளவு நோட்டின் பின்பக்கத்தில் ஒன்றுவிடாமல் எழுதினேன்.

பதினோராம் நாள் காலை செயலாளரும் நர்ஸும் என் வீட்டுக்கு வந்தார்கள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. செயலாளர் நின்றபடியே நோட்டைப் படித்தார்.

"பத்தேகால், மகனுக்கு வாய்ஸ் மெசேஜ். ஒண்ணரை, மகனுக்கு வாய்ஸ் மெசேஜ். நாலு, கூரியர்காரர் வந்தார். அஞ்சு, மகனுக்கு..." நிமிர்ந்தார். "நீங்க பேசினா மட்டும்தான் குரைக்குதாம்மா?"

நான் போனில் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும், உண்மைதான். அதற்காக?

"நல்லா இருக்கே கதை! நான் என்ன அதுகிட்டயா பேசினேன்? உக்காருங்க தம்பி, சொல்றேன்."

சுவருக்கு அந்தப்பக்கம் குரைப்பு.

நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, அது பேரே தம்பிதான்கா. எனக்குக் கூடப்பிறந்தவங்க யாருமில்ல, அதான் அப்படி வச்சேன். நீங்க கூப்பிடுறீங்கன்னு நெனச்சுப் பதில் சொல்லுது."

செயலாளரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் படித்த ஒவ்வொரு வரியிலும் நான் என்ன பேசினேன் என்பது எனக்குத்தானே தெரியும். தம்பி, சாப்பிட்டியா. தம்பி, காய்ச்சல் விட்டுச்சா. தம்பி, ஒரு வார்த்தை பேசுப்பா. பத்து நாளில் பெற்ற பிள்ளையிடமிருந்து வந்தது இரண்டே இரண்டு கட்டைவிரல் படம். மற்றபடி பதில் சொன்னதெல்லாம் சனியன்தான். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"அப்ப புகாரை என்னம்மா செய்ய?"

நோட்டுக்குக் கை நீட்டினேன். "புகாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதுல ஊரார் அளவெல்லாம் இருக்கு, குடுங்க" என்றேன். குரல் உடைந்துவிட்டது. நர்ஸ் என் கையைப் பிடித்தாள். தைக்க வேண்டிய துணி கிடக்கிறது என்று சொல்லி இருவரையும் அனுப்பிவைத்தேன்.

மறுநாள் பத்தேகாலுக்கு மெஷினை நிறுத்தினேன். போன் மேஜையிலேயே கிடந்தது. நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "தம்பி, சாப்பிட்டியா?" என்றேன்.

உடனே பதில் வந்தது.